மேஜருக்கும் சட்டம் உண்டு

உர்சுலாவால் வகுப்பில் உட்காரவே முடியவில்லை.

பெஞ்சின் ஓரத்துக்கு நகர்ந்தாள். பிறகு நடுவுக்கு வந்தாள். காலை ஆட்டினாள். ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். வெயில் திடலில் வெள்ளையாகக் கொட்டிக்கொண்டிருந்தது. மறுபடியும் காலை ஆட்டினாள்.

"உர்சுலா, பெஞ்சுல எறும்பு இருக்கா?" என்று டீச்சர் கேட்டார்.

"இல்ல டீச்சர்."

"பின்னே ஏன் நெளியறே?"

உர்சுலா தலையைக் குனிந்துகொண்டாள். மேஜரை நினைத்து நெளிகிறேன் என்று எப்படிச் சொல்வது? மேஜர் யார் என்று டீச்சர் கேட்பார். நாய் என்றால் வகுப்பே சிரிக்கும்.

மேஜர் சாதாரண நாய் அல்ல. ஒரு வெள்ளைக்காரத் துரை வளர்த்த நாய். துரை கப்பலேறிச் சீமைக்குப் போகும்போது, அதை ரயில்வே ஆபீசின் பெரிய கிராணி கார்த்திகேசுவிடம் கொடுத்துவிட்டுப் போனார். கோலாலம்பூரில் அப்போதெல்லாம் எழுத்தர்களைக் கிராணி என்பார்கள். பெரிய கிராணி என்றால் அவர்களுக்கெல்லாம் தலைவர்.

மேஜரின் உடம்பெல்லாம் கம்பளி போல முடி. கழுத்தில், காதில், வாலில், எங்கே தொட்டாலும் முடிதான். பனி பெய்கிற ஊருக்கு அது நல்லது. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் வெயிலுக்கு?

மணி அடித்ததும் உர்சுலா முதல் ஆளாக வெளியே ஓடினாள்.

அவள் வீடு ரயில்வே குவாட்டர்ஸில் இருந்தது. அப்பா கிரிகரி பாயிண்ட்ஸ்மேன். ரயில்கள் தடம் மாறிப் போக, கனமான இரும்பு நெம்புகோலை இழுத்துத் தண்டவாளத்தைத் திருப்பிவிடுவது அவர் வேலை. அவர்கள் வீட்டுக்கு நேர் எதிரே, சந்தின் மறுபக்கத்தில், பெரிய கிராணியின் பங்களா. வாசல் முழுக்கச் சிமெண்டுத் தரை. சுற்றிலும் கட்டை வேலி. வேலி ஓரத்தில் ஓர் இரும்புத் தூண். அதில் மேஜர்.

நாக்கு முழம் நீளத்துக்குத் தொங்கியது. விலா வேகவேகமாக ஏறி இறங்கியது. அது ஒரு காலைத் தூக்கியது, வைத்தது. அடுத்த காலைத் தூக்கியது. கீழே சிமெண்டு அவ்வளவு சூடு.

கிராணியின் மனைவி மகளுடைய பிரசவத்துக்குக் கிள்ளானுக்குப் போயிருந்தார். அதனால் பகலில் பங்களாவில் யாரும் இல்லை. கேட்டில் பெரிய பூட்டு.

உர்சுலா வேலிச் சந்துக்குள் கையை விட்டு, மேஜரின் தண்ணீர்ச் சட்டியில் விரலை வைத்தாள். சட்டென்று இழுத்துக்கொண்டாள்.

"அம்மா! தண்ணி டீ மாதிரி சுடுது!"

அம்மா சாந்தமேரி ஒரு குடம் நல்ல தண்ணீர் கொண்டுவந்தார். ஆறு வயதுத் தம்பி மாரிஸ் பின்னாலேயே வந்தான்.

"ஏம்மா, மேஜரோட கம்பளியைக் கழட்ட முடியாதா?"

"அது அதோட முடிடா."

"அப்ப முடி வெட்டிவிடலாம். உங்க கத்தரிக்கோலைக் கொடுங்க."

"போடா, கத்தரிக்கோலும் வேணாம், ஒண்ணும் வேணாம்."

உர்சுலா ஒரு கோணிச் சாக்கை எடுத்து வந்தாள். அதன் ஒரு பக்கத்தை வேலியிலும் மறுபக்கத்தை, எட்டி எட்டி, இரும்புத் தூணிலும் கட்டினாள். சாக்களவுக்கு நிழல் விழுந்தது. மேஜர் அதற்குள் தன்னைச் சுருட்டிக்கொண்டது. வால் மட்டும் வெயிலில் நின்றது.

மாலையில் பெரிய கிராணி சைக்கிளில் வந்து இறங்கினார். வெள்ளைக் கோட்டு, கறுப்புச் சப்பாத்து, மூக்குக் கண்ணாடி. சாக்கைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினார். சாக்கு அப்படியேதான் இருந்தது.

"ஆர் இதைக் கட்டினது?"

அவர் யாழ்ப்பாணத்துக்காரர். 'யார்' என்பதை 'ஆர்' என்பார், 'என்று' என்பதை 'எண்டு' என்பார்.

உர்சுலா முன்னால் வந்தாள். "நான்தான் ஐயா. மேஜருக்கு வெயில்..."

"வெயிலோ? எங்க வெயில்?"

அவர் கையை நீட்டிக் காட்டினார். உண்மையிலேயே வெயில் இல்லை. சூரியன் மரங்களுக்குப் பின்னால் இறங்கியிருந்தது.

"காலமை நான் கட்டேக்க இந்த இடம் நிழல். பின்னேரம் வரேக்கயும் நிழல். நடுவில வெயில் எங்கயிருந்து வரும்?"

"மேலேயிருந்துதான்," என்றான் மாரிஸ்.

அம்மா அவசரமாக அவன் வாயைப் பொத்தினார்.

"பின்பக்கத்து மாமரத்தடியில கட்டலாமே ஐயா?" என்று உர்சுலா கேட்டாள்.

"அங்க என்ர மனுசியின்ர ரோசாச்செடியள் நிக்குது. இவன் எல்லாத்தையும் தோண்டிப்போடுவான்." அவர் சாக்கை அவிழ்த்துச் சுருட்டி வேலிக்கு மேலாக நீட்டினார். "குவாட்டர்ஸ் வேலியில சாக்குத் தொங்கவிடக் கூடாது. அது விதி. என்ர கேற்றைத் தாண்டி ஆராவது உள்ளுக்கு வந்தா மாத்தாவைக் கூப்பிடுவன். அது சட்டம். விளங்குதோ பிள்ளை?"

மாத்தா என்றால் போலீஸ்காரர். உர்சுலா தலையாட்டினாள்.

உள்ளே போன அவர், கொஞ்ச நேரத்தில் ஒரு தட்டுடன் வந்து மேஜரின் பக்கத்தில் குந்தினார். மீனில் முள் எடுத்து, சோற்றில் பிசைந்து, உருட்டி உருட்டி ஊட்டினார். பிறகு ஒரு பிரஷ்ஷால் அதன் முடியை வாரினார். உர்சுலா வேலி வழியாகப் பார்த்துக்கொண்டே நின்றாள். அவளுக்குக் குழப்பமாக இருந்தது. இவர் கெட்டவரா நல்லவரா?

அப்பா வேலை முடிந்து வந்ததும் அவளைக் கூப்பிட்டார். அம்மா எல்லாவற்றையும் சொல்லியிருந்தார்.

"அவர் யாருன்னு தெரியும்ல?"

"பெரிய கிராணி."

"அவர் ஒரு வார்த்தை சொன்னா நாளைக்கே என் சீட்டைக் கிழிச்சிடுவாங்க. வேலை போன எத்தனை பேரு கப்பலேறி ஊருக்கே திரும்பிட்டாங்கன்னு பார்த்தேல்ல? அந்த நாய் பக்கம் போகாதே."

"அது நாள் முழுக்க வெயில்ல நிக்குதுப்பா."

அப்பா குழாயடிக்குப் போனார். கையிலிருந்த எண்ணெய்க் கறையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார்.

மறுநாள் பள்ளி விட்டு வரும் வழியில், முச்சந்தியில் சிறு கூட்டம். உர்சுலா உள்ளே புகுந்து பார்த்தாள். செங்கல் ஏற்றிய மாட்டுவண்டி ஒன்று நடுவெயிலில் நின்றிருந்தது. மாடுகளின் வாயில் நுரை. அரைக்கால் சட்டை போட்ட மலாய்க்கார மாத்தா ஒருவர் வண்டிக்காரரிடம் பேசிக்கொண்டிருந்தார். அவர் பெயர் யாசின். தெருவில் எல்லோருக்கும் அவரைத் தெரியும்.

"முதலில் மாடுகளை அவிழ்த்து நிழலில் கட்டு. தண்ணீர் காட்டு. பிறகு பேசலாம்," என்றார் யாசின்.

வண்டிக்காரர் முணுமுணுத்துக்கொண்டே அவிழ்த்தார். கூட்டம் கலைந்தது. உர்சுலா மட்டும் நின்றாள். குவாட்டர்ஸ் பிள்ளைகள் எல்லோரையும் போல அவளுக்கும் மலாய் நன்றாக வரும். 'ஐயா' என்பதற்கு மலாயில் 'துவான்'.

"துவான், மாட்டுக்குன்னு சட்டம் இருக்கா?"

"மிருகங்களை வதைக்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. மாட்டுக்கு மட்டும் இல்லை."

"நாய்க்கும் உண்டா?"

"நாய் என்ன மரமா? அதற்கும் உண்டு."

"ரொம்ப முடி இருக்கிற நாய்க்கு?"

யாசின் சிரித்துவிட்டார். "முடிக்குத் தனிச் சட்டம் கிடையாது."

"நாள் முழுக்க வெயில்ல கட்டிவச்சா? மழையில நனைஞ்சு நடுங்கவிட்டா?"

அவர் சிரிப்பை நிறுத்தினார். "அதுவும் வதைதான். எங்கே அந்த நாய்?"

உர்சுலாவின் வாய் திறந்தது. அப்பா கையைத் தேய்த்துக் கழுவியது நினைவுக்கு வந்தது. வாய் மூடிக்கொண்டது.

"சும்மா கேட்டேன் துவான்."

"சும்மா கேட்கிறவர்களுக்கு இப்படி மூச்சு வாங்காது," என்றார் யாசின். "நான் தினமும் இந்த முச்சந்தியில்தான் நிற்பேன். ஞாபகம் வைத்துக்கொள்."

வீட்டுக்கு வந்தும் உர்சுலாவால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்தாள். பிற்பகலில் வானம் கறுத்தது. இடி இடித்தது. மழை தகரக் கூரையில் ஓங்கி அறைந்தது. எதிரே மேஜர் தாழ்வாரத்தை நோக்கிச் சங்கிலியை இழுத்து இழுத்துப் பார்த்தது. சங்கிலி எட்டவில்லை. முடியெல்லாம் உடம்போடு ஒட்டிப்போக, திடீரென்று பாதி நாய் ஆகிவிட்டது போல இருந்தது. பல் கிட்ட நடுங்கியது.

மழை விட்ட பிறகுதான் கிராணி வந்தார். "ஏண்டா இப்பிடி நனைஞ்சனி?" என்று மேஜரைத் திட்டியபடி, தன் துண்டாலேயே அதைத் துவட்டினார்.

அப்போதுதான் உர்சுலாவுக்கு ஒன்று புரிந்தது. வெயிலில் நிற்கும் மேஜரை அவர் ஒரு நாளும் பார்த்ததில்லை. மழையில் நடுங்கும் மேஜரையும் பார்த்ததில்லை. அவர் போகும்போது நிழல், வரும்போது நிழல். ஞாயிற்றுக்கிழமைகளில் மேஜர் அவரோடு வீட்டுக்குள் இருக்கும்.

அன்று சாப்பிடும்போது அப்பாவிடம் சட்டத்தைப் பற்றிச் சொன்னாள்.

"சட்டம் இருக்கலாம்மா," என்றார் அப்பா. "சட்டம் வந்து நம்ம வீட்டு அடுப்பை எரிய வைக்குமா?"

யாருக்கும் சோறு இறங்கவில்லை. மாரிஸ் மட்டும் இரண்டாவது தடவை கேட்டு வாங்கினான்.

மறுநாள் வெயில் முந்தைய நாட்களைவிடக் கொடூரமாக இருந்தது. பள்ளியிலிருந்து ஓடிவந்த உர்சுலா வேலிக்கு முன்னால் அப்படியே நின்றுவிட்டாள்.

மேஜர் படுத்திருந்தது. தாழ்வாரத்தின் நிழலை நோக்கி இழுத்த சங்கிலி விறைப்பாக நின்றது. நிழலுக்கு ஒரு சாண் இருக்கும்போதே அது விழுந்துவிட்டது. கண் பாதி மூடியிருந்தது.

"மேஜர்! மேஜர்!"

காது கூட அசையவில்லை. வேலிச் சந்தில் கையை விட்டு எட்டினாள். எட்டவில்லை. கேட்டை உலுக்கினாள். பூட்டுத்தான் ஆடியது.

ஒரு நொடி அப்பாவின் முகம் தெரிந்தது. அடுத்த நொடி அவள் கால்கள் ஓடத் தொடங்கியிருந்தன.

"எங்கேடி ஓடுறே?" என்று அம்மா கத்தினார்.

"மாத்தாவைக் கூட்டிவர!"

அம்மா வேலிக்குள் ஒரு முறை பார்த்தார். "செருப்பைப் போட்டுக்கிட்டு ஓடு! கால் வெந்துரும்!"

உர்சுலா செருப்பைப் போடவில்லை. அதற்கு நேரமில்லை.

யாசின் முச்சந்தியில் இருந்தார். அவள் பேசுவதற்கு முன்பே, "நாயா?" என்று கேட்டார். இருவரும் ஓடினார்கள்.

பூட்டைப் பார்த்த யாசின், "உயிர் போகும்போது சாவிக்குக் காத்திருக்க முடியாது," என்று வேலியில் ஏறினார். டர்ர் என்று ஒரு சத்தம். அரைக்கால் சட்டை வேலிக் கட்டையில் மாட்டிக் கிழிந்தது. "பார்க்காதே," என்றார். உர்சுலா பார்க்கவில்லை. மாரிஸ் நன்றாகப் பார்த்தான். உர்சுலாவும் அவர் பின்னாலேயே ஏறிக் குதித்தாள்.

சிமெண்டு அவள் உள்ளங்காலைச் சுட்டது. மேஜரின் கழுத்துப்பட்டையை அவிழ்த்தாள். முன்னங்கால்களைப் பிடித்து இழுத்தாள். கனமான நாய். நகரவில்லை.

அவள் யாசினைப் பார்த்தாள். அவர் தயங்கி நின்றார்.

"எங்கள் மார்க்கத்தில் நாயைத் தொட்டால் மண்ணும் தண்ணீரும் விட்டுப் பலமுறை கழுவ வேண்டும்," என்றார். பிறகு மேஜரின் மூடிய கண்ணைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றித் தரையில் வைத்தார். "சரி. மண்ணும் இருக்கிறது, தண்ணீரும் இருக்கிறது."

குனிந்து, மேஜரை இரண்டு கைகளாலும் வாரித் தூக்கினார்.

பின்பக்கத்து மாமரத்தடியில் கிடத்தினார்கள். அம்மா வேலிக்கு மேலாகக் குடங்குடமாகத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தார். உர்சுலா வயிற்றிலும் பாதங்களிலும் மெல்ல மெல்ல ஊற்றினாள். பாவாடை நுனியை நனைத்து அதன் வாயில் சொட்டுச் சொட்டாகப் பிழிந்தாள். யாசின் ஒரு வாழையிலையைப் பறித்து விசிறினார்.

"மாரிஸ்," என்று அம்மா சொன்னார், "ரயில் யார்டுக்கு ஓடிப் போய் அப்பாகிட்ட நடந்ததைச் சொல்லு."

கொஞ்ச நேரத்தில் சைக்கிள் மணி அலறியது. உர்சுலா நிமிர்ந்து பார்த்தாள். பெரிய கிராணி மூச்சிரைக்க மிதித்துக்கொண்டு வந்தார். பின்னால் சாமான் வைக்கும் கம்பியில், எண்ணெய்க் கறைச் சட்டையோடு, அப்பா! கிராணிக்கு முன்னால், குறுக்குக் கம்பியில் மாரிஸ், ராஜா மாதிரி.

"நான்தான் ஆபீசுக்குப் போய்ச் சொன்னேன்," என்றார் அப்பா. அவர் தலை நிமிர்ந்திருந்தது.

கிராணி பூட்டைத் திறந்து உள்ளே வந்தார். "ஆர் என்ர வேலியை..." என்று தொடங்கியவர், மாமரத்தடியைப் பார்த்ததும் நிறுத்தினார். வெள்ளைக் கோட்டோடு சேற்றில் உட்கார்ந்து, மேஜரின் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"மேஜர். டேய் மேஜர். இஞ்ச பாரடா."

உர்சுலா பாவாடை நுனியை இன்னொரு தடவை பிழிந்தாள்.

வாலின் நுனி ஒரு தடவை தரையைத் தட்டியது. பிறகு இன்னொரு தடவை. நாக்கு வெளியே வந்து உர்சுலாவின் ஈரப் பாவாடையை நக்கியது.

யாசின் தொண்டையைச் செருமினார். "இந்த நாயை வெயிலில் கட்டியது யார்?"

சட்டம் சட்டம் என்று பேசும் கிராணி தலையைக் குனிந்துகொண்டார். "நான்தான்," என்றார் மெல்ல.

"இது குற்றம். வழக்குப் போடலாம்." யாசின் உர்சுலாவிடம் திரும்பினார். "நீ பார்த்ததை ஸ்டேஷனில் வந்து சொல்வாயா?"

உர்சுலா அப்பாவைப் பார்த்தாள். அப்பா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பார்த்ததைச் சொல்லும்மா," என்றார். "முழுசா சொல்லு."

உர்சுலா மூச்சை இழுத்துக்கொண்டாள். "தினமும் மத்தியானம் மேஜர் வெயில்ல நிக்கும். மழை பெஞ்சா நனைஞ்சு நடுங்கும். நான் கட்டின சாக்கை ஐயா அவுத்துட்டாரு." கொஞ்சம் நிறுத்தினாள். "ஆனா தினமும் சாயங்காலம் ஐயா முள் எடுத்து மீன் ஊட்டுவாரு. தன் துண்டாலேயே துவட்டுவாரு. மத்தியானம் இங்க எப்படி இருக்கும்னு அவர் பார்த்ததே இல்ல. அதனாலதான் நான் சொன்னதை அவர் நம்பல."

கிராணி மேஜரின் தலையை மெதுவாக இறக்கிவைத்துவிட்டு எழுந்தார். முன்வாசலுக்குப் போனார். சப்பாத்தைக் கழற்றினார். காலுறையையும் கழற்றினார். இரும்புத் தூணுக்குப் பக்கத்தில் வெறுங்காலோடு சிமெண்டில் நின்றார்.

"ஐயோ!"

பெரிய கிராணி ஒற்றைக் காலில் குதித்தார். மறு காலில் குதித்தார். கடைசியில் தாழ்வாரத்துக்குத் தாவினார். சிரிக்கக் கூடாது என்று உர்சுலா உதட்டைக் கடித்துக்கொண்டாள். மாரிஸ் கடிக்கவில்லை.

"பிள்ளை சொன்னது சரி," என்றார் கிராணி, பாதத்தைத் தடவியபடி. "வழக்குப் போடுறதெண்டா போடுங்கோ. நான் ஒண்டும் மறுக்கேல்லை."

யாசின் அவரையும், மரத்தடியில் படுத்திருந்த மேஜரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இது முதல் எச்சரிக்கை," என்றார். "நாளைக்கும் வருவேன், அடுத்த வாரமும் வருவேன். இன்னொரு தடவை வெயிலிலோ மழையிலோ கட்டியிருப்பதைப் பார்த்தால் நேரே கோர்ட்டுதான்." பிறகு கையை அகல விரித்துப் பிடித்தபடி, "இப்போது எனக்குக் கொஞ்சம் நல்ல மண் வேண்டும். ஓர் ஊசியும் நூலும் கூட," என்றார்.

அன்று சாயங்காலமே கிராணி ரோஜாச் செடிகளை ஒவ்வொன்றாகப் பெயர்த்துத் தொட்டிகளில் நட்டார். அப்பா பழைய பலகைகளை அறுத்து, மாமரத்தடியில் மேஜருக்கு அத்தாப்பு ஓலைக் கூரை போட்ட ஒரு குடில் கட்டிக் கொடுத்தார். கிராணி ஆணிகளை எடுத்து எடுத்துக் கொடுத்தார்.

"என்னைக் கூப்பிட வந்ததுக்கு நன்றி, கிரிகரி," என்றார் கடைசியில். "வேறை ஆரும் வந்திருக்க மாட்டினம்."

ஒரு வாரம் போயிருக்கும். ஞாயிற்றுக்கிழமை. கோயில் பூசை முடிந்து உர்சுலாவின் குடும்பம் மத்தியானம் வீட்டுக்குத் திரும்பியபோது, அவர்கள் வாசலில் பெரிய கிராணி நின்றிருந்தார். பக்கத்தில் மேஜர். அவர் குனிந்து எதையோ உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கிரிகரி, இந்தக் கோழிக்கூட்டுக்கு மேல மத்தியான வெயில் நேரா விழுது. நான் நிண்டு பாத்தனான்."

அப்பாவும் உர்சுலாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"என்ன பாத்துக்கொண்டு நிக்கிறாய்? அந்தப் பக்கத்தைப் பிடி," என்று கிராணி கோட்டுக் கையை மடித்துவிட்டார்.

மூவரும் கூட்டைத் தூக்கிக்கொண்டு போய்ப் பின்னால் கொய்யாமரத்தடியில் வைத்தார்கள். நல்ல நிழல். நல்ல காற்று.

கோழிகள் மட்டும் பழைய இடத்திலேயே வட்டமடித்து, வெகுநேரம் தங்கள் வீட்டைத் தேடிக்கொண்டிருந்தன.